தரிசும் பாலையும்: காற்றரிப்பின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

பழந்தமிழ் இலக்கண மரபிலே பாலைக்குத் தனித்த நிலம் இல்லை என்பது யாவரும் அறிந்த செய்தி. காடு, மலை, வயல், கடற்கரை ஆகிய நான்கிற்கும் தெய்வம் வகுத்துக் கூறும் தொல்காப்பியர், பாலைக்கு அவ்வாறு கூறவில்லை. அதனை நடுவுநிலைத் திணை என்றே சுட்டுகிறார். இந்த விடுபாட்டிற்கு விடை தருபவர் இளங்கோவடிகள். காடுகாண் காதையிலே, முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டுத் திரியும்போது மேற்கொள்ளும் வடிவமே பாலை என்று அவர் விளக்குகிறார். அவ்விடத்து அவர் கையாளும் உவமை எமது சிறப்பான கவனத்துக்குரியது. அரசனும் அவனது அலுவலரும் முறை பிறழ்ந்தமையால் ஆட்சியின் சீர்மையை இழந்த நாட்டினை அவர் உவமையாகக் காட்டுகிறார். வெயிலின் கொடுமையைச் சொல்ல வந்த புலவருக்குக் கொடுங்கோன்மை நினைவுக்கு வந்தமை தற்செயலானதன்று. பாலை இயற்கையிலே என்றும் உள்ளதொன்றன்று, ஆக்கப்படுவது என்ற உணர்வு அவ்வுவமையிலே பொதிந்து கிடக்கின்றது.

திணைக் கோட்பாட்டினைப் பண்டைச் சமூகத்தின் பொருளாதார வாழ்வோடு இணைத்து ஆராய்ந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னர், திணைகளை வெறும் இலக்கிய உத்திகளாகக் கொள்ளும் நோக்கு வலுவிழந்தது. அவ்வழியிலே நின்று நாம் இக்கட்டுரையில் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். உழப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட வறண்ட நிலம் ஏன் பாலையாகின்றது? அதனை மீண்டும் உயிருள்ள நிலமாக்குவதற்கு எது தேவை?

இவ்வினா விவசாய விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரியது எனச் சிலர் கருதலாம். புல்லின் பெயரையும் மரவரிசையின் உயரத்தையும் அவர்களே சொல்ல வல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு நிலத்தை உழுவதா, ஆறப்போடுவதா என்பதை யார் தீர்மானிக்கிறார், எதற்காகத் தீர்மானிக்கிறார் என்பது சமூக வரலாற்றின் வினா. கடந்த நூறாண்டுக் காலத்திலே காற்றரிப்பு பேரழிவாக முடிந்த இடங்களை ஒப்புநோக்கும்போது, நிலத்தை ஆறப்போடும் உரிமை அந்நிலத்திலே வாழ்வோரின் கையிலிருந்து நழுவியமையே அவற்றின் பொதுக்கூறு என்பது புலனாகும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

2

காற்று மண்ணைக் கொண்டுசெல்லும் முறையை முதலிலே சுருக்கமாக நோக்குவோம். லிபியப் பாலைவனத்திலே பயணங்கள் மேற்கொண்ட ஆங்கிலேயப் படைப் பொறியியலாளர் ரால்ப் பாக்னோல்ட் 1941இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. மணல் மூவகையாக நகர்கின்றது. பருமணிகள் நிலத்தோடு உருளுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் வானிலே மிதந்து நெடுந்தூரம் செல்கின்றன. இடைப்பட்ட மணிகள், அதாவது ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை விட்டமுடையவை, துள்ளித் துள்ளிச் செல்கின்றன. நகரும் மண்ணின் பெரும்பகுதி இவ்வாறு துள்ளியே நகர்கின்றது. துள்ளிய மணி மீண்டும் நிலத்தில் மோதும்போது வேறு பல மணிகளைக் கிளப்பிவிடுகின்றது. ஓரிடத்தில் தொடங்கிய அரிப்பு காற்றுத் திசையிலே செல்லச்செல்லப் பெருகுவது இதனாலேயே.

இதனைத் தடுக்கும் வழிகளும் இந்த இயக்கத்திலிருந்தே பெறப்படுகின்றன. நிலமட்டத்திலே காற்றின் வேகத்தைத் தணிக்க வேண்டும். துள்ளும் மணி மோதிக் கிளப்புவதற்கு வெற்று நிலம் கிடையாதவாறு செய்ய வேண்டும். அறுவடையின் பின்னர் தாள்களை நிற்கவிடுதல், காற்றுக்குக் குறுக்காகச் சுள்ளிவேலி நாட்டல், புல்லும் செடியும் வளர்த்தல், மரவரிசை அமைத்தல் என்பன யாவும் இதனையே செய்கின்றன. ஒரு மரவரிசை தனது உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரத்துக்கு நல்ல ஒதுக்கம் தரும் என்பது பொதுவான கணக்கு.

காற்று முதலிலே கொண்டுசெல்வது மண்ணின் மிக நுண்ணிய பகுதியை என்பதும் மனங்கொளத்தக்கது. பயிருணவும் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் அப்பகுதியிலேயே தங்கியுள்ளன. எஞ்சுவது பருமணல். ஆதலால், கைவிடப்பட்ட வயல் தானாகவே பழைய நிலைக்கு மீளும் என எதிர்பார்ப்பதற்கில்லை. பல்லாண்டு உழவினால் இயற்கைச் செடிகளின் விதைகள் மண்ணிலிருந்து அற்றுப்போயிருக்கும்; பாசன நிலமாயின் உப்பும் படிந்திருக்கும். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தைச் சேர்ந்த அன்ரிலோப் பள்ளத்தாக்கிலே, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து நீரிறைக்கும் செலவு ஏறியபோது பெருமளவு வயல்கள் கைவிடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் நிலவிய வறட்சியிலே அவ்வயல்களிலிருந்து எழுந்த புழுதி அயலூர்களை வருத்தியது. அங்கு உவர்நிலப் புதர்களை விதைத்து மண்ணை நிறுத்தும் முயற்சிகள் நடைபெற்றன. பாலைநிலத்திலே மழை வாய்த்த ஆண்டில் விதைப்பு பலிக்கும். வாய்க்காத ஆண்டில் விதையும் உழைப்பும் வீணாகும். ஒரு புதர் வேரூன்றிவிட்டால் அதன் அடியிலே நுண்மண்ணும் சருகும் சேர்ந்து வேறு செடிகள் முளைப்பதற்கு இடமாகின்றது. இவ்வாறு திட்டுத்திட்டாகவே நிலம் உயிர்பெறுகின்றது. இது சில ஆண்டுகளில் முடியும் காரியமன்று. காத்திருக்கக்கூடிய சமூக அமைப்பு எது என்ற வினா இங்கே எழுகின்றது.

3

காத்திருக்க இயலாத அமைப்புக்கு ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளி தெளிவான எடுத்துக்காட்டாகும். முதலாம் உலகப்போர்க் காலத்திலே கோதுமை விலை ஏறியபோது, புல் மட்டுமே செழித்த அரைவறள் நிலம் மில்லியன் கணக்கான ஏக்கரிலே உழப்பட்டது. போர் முடிந்து விலை வீழ்ந்தபோது உழவு குறைந்திருக்க வேண்டும் என எண்ணத் தோன்றும். நடந்தது மறுதலை. உழவு இயந்திரத்துக்கும் நிலத்துக்கும் பட்ட கடனை அடைப்பதற்கு, குறைந்த விலையில் கூடுதலான கோதுமையை விற்கவேண்டியிருந்தது. ஆகவே மேலும் புல்வெளி உழப்பட்டது. 1931இல் ஒரு புசல் கோதுமையின் விலை நாற்பது சதத்துக்கும் கீழே சென்றது. அதே காலத்தில் வறட்சியும் தொடங்கியது. விதைக்கப்படாத வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலை இருளாக்கியது. அந்நாள் இன்றும் கறுப்பு ஞாயிறு எனப்படுகின்றது. அதே மாதத்தின் இறுதியில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

ரூஸ்வெல்ற் ஆட்சியின் நடவடிக்கைகள் சிறியனவல்ல. 1934 முதல் 1942 வரை ஏறத்தாழ 220 மில்லியன் மரங்கள் காற்றுத்தடுப்பு வரிசைகளாக நடப்பட்டன. பயிருக்கு உதவாத நிலங்களை அரசு விலைகொடுத்து வாங்கிப் புல் விதைத்தது. இவ்வாறு வாங்கப்பட்டது ஏறத்தாழ 11 மில்லியன் ஏக்கர். இதில் ஏறக்குறைய 4 மில்லியன் ஏக்கர் 1960இல் தேசியப் புல்வெளிகள் எனப் பெயர் பெற்றது. சந்தையின் போக்கிலே விடப்பட்ட நிலம் பாழாகியதையும், பொதுவுடைமையாக்கப்பட்ட நிலமே புல்வெளியாக நிலைத்ததையும் இங்கே அவதானிக்கலாம்.

ஆயின், இந்நடவடிக்கைகளின் வர்க்கச் சார்பினையும் மறத்தலாகாது. 1933ஆம் ஆண்டு விவசாயச் சீராக்கச் சட்டம், நிலத்தின் ஒரு பகுதியைப் பயிரிடாது விடுவோர்க்குப் பணம் வழங்கியது. தென் மாநிலங்களின் பருத்தி நிலங்களிலே அப்பணத்தின் பெரும்பகுதி நிலவுடைமையாளரையே சென்றடைந்தது. பயிரிடப்படாத நிலத்துக்குக் குத்தகையாளர் தேவையில்லையாதலின், வாரக்குடிகளும் கூலிகளும் வெளியேற்றப்பட்டனர். ஆர்க்கன்சாவிலே 1934இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றுசேர்ந்து அமைத்த தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் இதன் எதிர்விளைவாகும். நிலத்துக்கு ஓய்வு கிடைத்தபோது உழைப்பாளி வீடிழந்தான். முதலாளித்துவ விவசாயத்தின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே கொள்ளையிடும் கலையின் முன்னேற்றம் என மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்திலே கூறிய கருத்துக்கு இதனினும் நேரான சான்று தேடவேண்டியதில்லை.

1985இல் தொடங்கிய பாதுகாப்பு ஒதுக்குத் திட்டத்தின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அரிப்புக்குள்ளாகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை புல்நிலமாக விடுவதற்கு இத்திட்டம் உடைமையாளர்க்கு ஆண்டுதோறும் பணம் தருகின்றது. 2007இல் 36 மில்லியன் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதில் இருந்தது. தானிய விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் மீண்டும் உழப்பட்டன. 2014இல் எஞ்சியது 26 மில்லியனுக்கும் குறைவு. விலைக்கு வாங்கப்படும் ஓய்வு, விலை மாறும்போது முடிந்துவிடுகின்றது.

4

முதலாளித்துவமே காற்றரிப்பின் ஒரே காரணம் என இதிலிருந்து முடிவுசெய்வது எளிது. வரலாறு அத்தகைய எளிமைக்கு இடந்தரவில்லை. சோவியத் ஒன்றியத்தின் கன்னிநில இயக்கத்தை நேர்நின்று நோக்காத மார்க்சிய ஆய்வு தன் பணியில் வழுவியதாகவே அமையும்.

1954இல் குருஷேவின் தலைமையிலே தொடங்கிய இவ்வியக்கத்தில், 1960ஆம் ஆண்டளவிலே ஏறத்தாழ 42 மில்லியன் ஹெக்டேயர் புல்வெளி உழப்பட்டது. அதில் 25 மில்லியன் ஹெக்டேயருக்கு மேற்பட்டது கஸக்ஸ்தானைச் சேர்ந்தது. 1956இன் விளைச்சல் பெருமகிழ்ச்சி தந்தது. ஆனால் 1960களின் முற்பகுதியிலே புழுதிப் புயல்கள் எழுந்து மில்லியன் கணக்கான ஹெக்டேயர் நிலத்தைச் சேதப்படுத்தின. அங்கே நிலப்பிரபுவும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை, கோதுமைச் சூதாட்டமும் இல்லை. அவ்வாறிருந்தும் அதே மண் அதே வகையிலே பறந்தது.

இதன் காரணத்தை அறிவதற்கு ஷோர்தாந்தியிலிருந்த தானியப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அலெக்சாந்தர் பராயெவின் வாழ்க்கை உதவும். மண்ணைப் புரட்டாது வேரை மட்டும் அறுக்கும் தட்டையான கலப்பையையும், தாள்களை நிற்கவிடும் முறையையும், நிலத்தின் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஆறப்போடுதலையும் அவர் வற்புறுத்தினார். ஆறப்போட்ட நிலம் இலக்கில் விழும் ஓட்டையாகவே மேலிடத்துக்குத் தோன்றியது. குருஷேவுக்கும் அவருக்குமிடையே எழுந்த முரண்பாடு இதுபற்றியதே. குருஷேவ் 1964இல் பதவியிழந்த பின்னர் பராயெவின் முறைகள் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டன. 1972இல் லெனின் பரிசு அவரது குழுவினர்க்கு வழங்கப்பட்டது. கலப்பையைத் திருத்துவதற்கு முன்னர் கட்டளை முறையைத் திருத்த வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

உடைமை சமூகமயமாவது மட்டும் போதாது, தீர்மானமும் உழைப்போரின் கைக்கு வரவேண்டும் என்னும் பாடத்தை இங்கே பெறுகிறோம். மூலதனத்தின் மூன்றாம் பாகத்திலே மார்க்ஸ், ஒரு சமூகம் முழுவதும்கூட நிலத்தின் உடைமையாளன் ஆகாது, அதனை அனுபவித்து மேம்பட்ட நிலையில் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் பொறுப்பாளனே ஆகும் எனக் குறிப்பிடுகிறார். ஐந்தாண்டு இலக்குகளுக்கு இப்பொறுப்பு விளங்கவில்லை.

1991க்குப் பின்னர் கூட்டுப்பண்ணைகள் குலைந்தபோது கஸக்ஸ்தானிலே பல மில்லியன் ஹெக்டேயர் வயல் கைவிடப்பட்டது. அவற்றிற் பலவற்றிலே புல்வெளி மெல்ல மெல்ல மீண்டது. காவலும் காப்பிடங்களும் சேர்ந்ததனால், 2000களின் முற்பகுதியில் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்திருந்த சைகா மான்கள் 2022இல் 13 இலட்சத்தைத் தாண்டின. இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும், அப்புல்வெளி மீண்ட காலம் ஊர்கள் வெறுமையாகிய காலமுமாகும். மனிதரை வெளியேற்றியே நிலத்தை மீட்க முடியும் என்பது சான்றுகள் தரும் முடிவன்று. திட்டமின்றி நேர்ந்த வீழ்ச்சியின் விளைவு அது.

5

தார்ப் பாலைவனம் எமது துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. உலகின் பாலைவனங்களிலே மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் ஒன்று. ஆரவல்லி மலைக்கு மேற்கேயுள்ள இராஜஸ்தானிலே ஆண்டு மழை 100 முதல் 400 மில்லிமீற்றர் வரையே. கம்பும் பயறும் பயிரிட்ட நிலம் பல ஆண்டுகள் ஆறப்போடப்பட்டது. வயல் நடுவிலே வன்னி மரங்களும் இலந்தைப் புதர்களும் வெட்டப்படாது நின்றன. அவை மண்ணையும் பிடித்தன, கால்நடைக்குத் தழையும் தந்தன. தமிழகத்துச் சிவாலயங்கள் சிலவற்றிலே தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னிதான் அங்கே கேஜ்ரி எனப்படுகின்றது. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் கோச்சர் எனவும், தெய்வத்தின் பெயரால் வெட்டாது விடப்பட்ட நிலம் ஓரண் எனவும் வழங்கின.

இப்பொது நிலங்களைப் பொற்காலச் சமத்துவத்தின் சின்னங்களாகக் கருதுவது தவறு. ஜாகிர்தார் எனப்படும் நிலப்பிரபுக்களே அவற்றின்மீது அதிகாரம் செலுத்தினர். மேய்ச்சல் வரியும் கட்டாய உழைப்பும் பெற்றனர். 1952ஆம் ஆண்டு ஜாகிர் ஒழிப்புச் சட்டம் அவ்வதிகாரத்தை அகற்றியது. இது முற்போக்கான நடவடிக்கை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயின், பொது நிலத்தைப் பேணும் பொறுப்பு எவரிடம் செல்லும் என்பதைச் சீர்திருத்தம் தெளிவுபடுத்தவில்லை. அந்த இடைவெளியிலே வலியோர் புகுந்தனர். பொது நிலங்கள் தனியார் வயல்களாயின. உழவு இயந்திரம் வந்தபின் புதர்கள் வேரோடு அகற்றப்பட்டன. ஆறப்போடும் காலம் சுருங்கியது.

பொருளியலாளர் என். எஸ். ஜோதா ஏழு இந்திய மாநிலங்களிலுள்ள 82 வறள்நில ஊர்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட முடிவுகள் இத்தொடர்பிலே முக்கியமானவை. 1950களின் தொடக்கத்துக்கும் 1980களின் தொடக்கத்துக்கும் இடையே அவ்வூர்களின் பொது நிலம் 31 முதல் 55 வீதம் வரை குறைந்தது என அவர் கண்டார். ஏழைகளுக்குப் பகிர்ந்தளிப்பதற்காகவே இந்நிலம் எடுக்கப்பட்டது எனச் சொல்லப்பட்டபோதும், பங்கின் பெரும்பகுதி ஏற்கெனவே நிலமுடையோரை அடைந்தது. ஏழைகள் பெற்ற துண்டு நிலம் பயிருக்கு உதவாமையாற் பலராற் கைவிடப்பட்டது. மேய்ச்சலும் விறகும் இழந்து, உழுதாற் பறக்கும் மணலைப் பெற்றதே அவர்கள் கண்ட பலன்.

மறுபுறத்தில், மணலை நிறுத்தும் விஞ்ஞானம் அதே காலத்திலே வளர்ந்தது. 1952இல் ஜோத்பூரில் நிறுவப்பட்ட பாலைநிலக் காடாக்க நிலையம் 1959இல் மத்திய வறள்வலய ஆராய்ச்சி நிறுவனமாக உருப்பெற்றது. அந்நிறுவனம் வகுத்த முறை எளிமையானது. முதலில் மேட்டினை மேய்ச்சலிலிருந்தும் வெட்டலிலிருந்தும் காத்தல். அடுத்து, அயலிற் கிடைக்கும் புதர்ச் சுள்ளிகளைக் காற்றுக்குக் குறுக்காகக் கட்டங்கட்டமாக நாட்டுதல். மழை தொடங்கியதும் அக்கட்டங்களிலே மரக்கன்றும் சேவண் முதலிய புல் விதைகளும் இடுதல். இம்முறையால் நகரும் மணல்மேடுகள் பல நிறுத்தப்பட்டன.

குறைபாடு முறையிலன்று, அதன் சமூக இடத்திலே இருந்தது. வேலியடைத்த மேட்டிலே ஆடு மேய்க்க முடியாத குடும்பம் அந்த ஆண்டுகளில் எதனை உண்பது என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை. விரைவாக வளரவேண்டும் என்பதற்காக, 1958இல் இஸ்ரேலிலிருந்து தருவிக்கப்பட்ட வேலமரவகை பரவலாக நடப்பட்டது. சீமைக்கருவேலோ அதற்கு முன்னரே வந்து எங்கும் பரவியது. மரம் நட்டாற் பாலை நீங்கும் என்ற எண்ணம், புல்வெளியைக் குறைபட்ட காடாகவே கண்டது. ஆனால் கானமயில் வாழ்வது திறந்த புல்வெளியிலே. அப்பறவை இன்று இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. உயிரினத்தின் வாழிடத்தை மீட்டல் என்பது பச்சை நிறத்தைக் கூட்டுவதன்று; அந்நிலத்துக்குரிய உறவுகளை மீட்பதே என்பதற்குக் கானமயில் சான்று.

அண்மைக் காலத்திலே ஜெய்சல்மேர்ப் பகுதியின் ஓரண்கள் சூரியமின் பண்ணைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இரையாகும் அபாயத்தை எதிர்நோக்கின. ஊர்மக்களின் நீண்ட போராட்டத்தின் பின்னர், இந்திய உச்ச நீதிமன்றம் 2024 டிசெம்பர் 18ஆம் நாள் வழங்கிய தீர்ப்பிலே, ஓரண்களை அளந்து பதிவுசெய்து காடெனக் கருதிப் பாதுகாக்குமாறு இராஜஸ்தான் அரசைப் பணித்தது. இதுவும் ஒரு வெற்றியே. எனினும், புல்வெளியைக் காப்பதற்கு அதனைக் காடு என்று அழைக்கவேண்டியிருப்பது எமது சட்டமொழியின் வறுமையைக் காட்டுகின்றது.

6

இவ்வறுமை தற்செயலாக வந்ததன்று. உழப்படாத நிலத்தைப் பாழ்நிலம் எனக் கொள்ளும் நோக்கு, காலனித்துவ வருவாய் நிருவாகத்தின் உருவாக்கமாகும். இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம், காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடாத நிலம் ஆகிய யாவும் மறுதலை நிறுவப்படும்வரை அரசுக்குரியன என விதித்தது. இதனினும் முக்கியமானது அச்சட்டத்தின் மற்றொரு கூற்று. பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்கள், கண்டி மாகாணங்களுக்கு வெளியேயுள்ள மாவட்டங்களிலே காடாகவோ தரிசாகவோ கொள்ளப்படும் என அது கூறியது. மட்டக்களப்பும் அம்மாவட்டங்களுள் ஒன்று. குடியானவன் நிலத்தை ஆறப்போட்டால் உரிமையை இழப்பான். உரிமையைக் காக்க விரும்பினால் ஓயாது உழவேண்டும். நிலத்தின் ஓய்வைக் குற்றமாக்கிய சட்டம் என இதனைக் கூறுவது மிகையாகாது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் இந்நோக்கை மேலும் இறுக்கியது.

தமிழகத்தின் தென்கோடியிலுள்ள தேரிகளும் இங்கு நினைவுகூரத்தக்கவை. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களின் செம்மணல் மேடுகள், மலைத்தொடரைக் கடந்து வறண்டு வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் நகர்பவை. அவற்றின் ஓரங்களைப் பிடித்து நிறுத்தியது பனை. பனையை நட்டுப் பேணிய ஏறுதொழிலாளர் வரியும் வாரமும் செலுத்தினர்; மணலை நிறுத்திய அவர்களது உழைப்பு எந்தக் கணக்கிலும் பதியப்படவில்லை.

இனி எமது கரைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்குமிடையே நீண்டுகிடக்கும் எழுவான்கரை மணல்நிலம். குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் அதன்மீதே அமைந்துள்ளன. இது பாலைவனமன்று, மாரி மழை தாராளமாகப் பெய்யும் பகுதி. ஆயினும், தென்மேற்குப் பருவக் காலத்திலே மலையைக் கடந்து வரும் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. மணலின் அடியிலே தங்கும் நன்னீரே கிணறுகளுக்கு ஆதாரம். மணல் நகர்ந்தால் அல்லது அகழப்பட்டால் உவர்நீர் ஏறும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இம்மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதியைச் சாய்த்தது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை வந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் வங்கக் கடலின் கரைகளிலே சவுக்கு நடுதல் பெருந்திட்டமாயிற்று. தமிழகத்திலே சில இடங்களில் இதற்காக இயற்கை மணல்மேடுகள் சமன்செய்யப்பட்டன. கடலாமைகள் முட்டையிடும் கரை சுருங்கியது. சவுக்கின் கீழே மணற்கொடிகள் முளைக்கவில்லை. தார்ப் பாலையிலே நடந்த அதே பிழை கடற்கரையிலே மீண்டும் நடந்தது. கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையிலே ஏறியது. அக்கரையில் மணலைத் தொன்றுதொட்டுப் பிடித்து வந்த செடிகளின் பெயர்களோ அறிக்கையில் இடம்பெறவில்லை.

அச்செடிகளை எமது இலக்கியம் அறியும். அடம்பன் என நாம் இன்று வழங்கும் கொடியே சங்க இலக்கியத்தின் அடும்பு. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியிலே தலைவனின் தேர்ச்சக்கரம் அக்கொடியை அறுத்துக்கொண்டு வருகின்றது. உரைகாரர் இதனைத் தலைவனின் வரவுக்கு அறிகுறியாகக் கொள்வர். தேருடைய செல்வர் கடற்கரைக்கு வரும்போது மணலைக் கட்டிய கொடி அறுபடுகின்றது என்ற உண்மையும் அதிலே அடங்கியுள்ளது. இன்று தேரின் இடத்திலே மணலேற்றும் வாகனம் வருகின்றது.

மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களின் நிலையையும் இந்நோக்கிலே காணவேண்டும். காற்றரிப்பு அங்கு பிரச்சினையன்று. தரிசு என்ற சொல்லே பிரச்சினை. 2020 முதல் அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் அந்நிலங்களை உழத் தொடங்கியபோது, 2023 செப்டெம்பரிலிருந்து பாற்பண்ணையாளர் சித்தாண்டியிலே தொடர் போராட்டம் நடத்தினர். ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் மாடுகள் தங்கும் நிலம் அதிகாரக் கண்ணுக்கு வெற்றிடமாகவே தோன்றுகின்றது. நிலமற்ற ஏழை உழவரையும் மாடு வளர்ப்போரையும் எதிரெதிரே நிறுத்தி, அதற்கு இனச்சாயம் பூசும் அரசியலால் இரு சாராருக்கும் நன்மையில்லை. இராஜஸ்தானின் கோச்சர்களுக்கு நேர்ந்ததை அறிந்தோர்க்கு இதன் முடிவு எத்தகையதாகலாம் என்பது விளங்கும்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிவுகள் பெறப்படுகின்றன. காற்றரிப்பைத் தடுக்கும் தொழில்நுட்பம் அரிதானதன்று; சுள்ளிவேலியும் தாளும் புல்லும் யாவர்க்கும் எட்டக்கூடியவை. அமெரிக்காவிலே சந்தையும், கஸக்ஸ்தானிலே மேலிடத்து இலக்கும், இராஜஸ்தானிலே பாதியில் நின்ற நிலச்சீர்திருத்தமும், இலங்கையிலே காலனித்துவச் சட்டமும் நிலத்தின் ஓய்வை வெவ்வேறு வழிகளிலே மறுத்தன. ஆதலின், கைவிடப்பட்ட நிலத்தை மீட்கும் எத்திட்டமும் மூன்று வினாக்களுக்கு விடை தரவேண்டும். நிலம் ஆறும் ஆண்டுகளிலே அதனை நம்பியிருந்தோர் எவ்வாறு வாழ்வர்? எந்தச் செடி வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்போர் யார்? மண் மீண்டபின் அதன் பயன் எவரைச் சேரும்?

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எமது மக்களின் பழமொழி. ஒற்றுமையை வற்புறுத்தும் மேடைகளிலே அது அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அப்பழமொழி கடற்கரை மணலிலே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தனிக்கொடி காற்றிலே புரளும். பல கொடிகள் பின்னிப் படர்ந்தாற் குன்று நிற்கும். மணலோடு வாழ்ந்த உழைப்பாளர் மண் பாதுகாப்பின் விதியையும் சமூக வாழ்வின் விதியையும் ஒரே வாக்கியத்திலே கண்டனர். அவ்வறிவைத் திட்டமிடுவோரின் மேசைக்குக் கொண்டுசெல்வதும், அதற்குரியோரை அம்மேசையிலே அமரச்செய்வதும் எமது காலத்தின் பணியாகும்.